பழைய சரக்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்திலிருந்து செயற்கை நுண்ணறிவைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தேடல் மரங்கள், தர்க்கம், புரோலாக், சதுரங்கம் ஆடும் புரோகிராம் என்று முதல் பாதி முழுக்க அறுபது வருடப் பழைய சரக்கு. நியூரல் நெட்வொர்க் கடைசியில்தான் வருகிறது. சாட்ஜிபிடி இருக்கும் காலத்தில் இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்? "ஏஐ என்று தனியாக ஒரு துறையே கிடையாது, கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங், நிறைய விளம்பரம்" என்கிறான் என் நண்பன்.

ஒரு படிப்பாக ஏஐ என்பது உண்மையில் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா? அந்த இயந்திரங்களுக்கு உணர்வு உண்டா? நான் படித்து முடிக்கும்போது வேலை இருக்குமா? செயற்கை நுண்ணறிவு, செயற்கை அறிவு, இதில் எது சரியான சொல்?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டு வாரத்துக்கு நாலு வருகின்றன. உங்களுடையதையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்தேன். ஆனால் 'பழைய சரக்கு' என்ற இரண்டு சொற்கள் நெருஞ்சி முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தன. காரணம் இருக்கிறது. போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது, பள்ளிக்கூட நாளில் நான் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று அகப்பட்டது. அட்டை போய்விட்டது. உள்ளே வரிசையாக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலில் 'நான்' அல்லது 'பெட்டி'. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு எதையெதையோ யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நோட்டின் கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். வேலை இருக்குமா என்பதை ஜோதிடரிடம் கேளுங்கள். அவர் கைவிரித்தால் இருக்கவே இருக்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். இயந்திரத்துக்கு உணர்வு உண்டா? எதிர்வீட்டுக்காரருக்கு உணர்வு உண்டு என்று நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கே 1950இல் எழுதிய கட்டுரையில், 'இயந்திரம் சிந்திக்குமா' என்ற கேள்வி விவாதிக்கக்கூடத் தகுதியில்லாத அளவுக்கு அர்த்தமற்றது என்று ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக, மறைவில் இருந்து பதில் எழுதுவது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டை முன்வைத்தார். நாம் அந்தக் கேள்வியை ஓரத்திலிருந்து எடுத்து எடுத்து நடுவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சொல் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. செயற்கை நுண்ணறிவு என்பது நிலைபெற்றுவிட்டது, அதோடு சண்டை போடாதீர்கள். 'நுண்' என்ற ஒட்டு, இல்லாத கிரீடத்தை இயந்திரத்தின் தலையில் வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடச் 'செயற்கை' என்ற சொல்தான் வேடிக்கையாக இருக்கிறது. செயற்கைப் பூ, பூ இல்லை. மணக்காது, காயாகாது. செயற்கைக் கால், பாதி கால். நடக்கலாம், அரிக்காது. செயற்கைக்கோளோ நிஜமாகவே பூமியைச் சுற்றுகிறது, சுற்றுவது போல நடிக்கவில்லை. சரி, செயற்கை நுண்ணறிவு இந்த மூன்றில் எந்தச் செயற்கை? இந்தத் துறைக்காரர்கள் எழுபது வருடமாக இதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று இப்போதே சொல்ல வேண்டாம். மாறுவீர்கள். நான் மூன்று முறை மாறியிருக்கிறேன்.

இனி அந்த 'ஒரே வரி'. ஒரு துறையில் வருடக்கணக்காக உட்காரப்போகிறவர் அதை ஒரே வரியில் கேட்பது என்ன பழக்கம்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன் "ஆள் எப்படி, ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்டால் திண்ணையிலேயே உட்கார வைத்து அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் இந்தத் துறையைத் தொடங்கியவர்களே ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதால் உங்களை மன்னிக்கலாம்.

1955 ஆகஸ்ட் 31 என்று தேதியிட்ட ஒரு விண்ணப்பம். ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் என்று நாலு பேர் சேர்ந்து ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் பணம் கேட்டு எழுதியது. அடுத்த கோடையில் டார்ட்மத் கல்லூரியில் பத்துப் பேர் இரண்டு மாதம் கூடி உட்காரப்போகிறோம் என்கிறார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற பெயர் அந்தக் காகிதத்தில்தான் உலகத்துக்கு வருகிறது. பெயர் வைத்தவர் மெக்கார்த்தி. உயிரும் இயந்திரமும் தம்மைத்தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்னெட்டிக்ஸ் என்று ஒரு துறை அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் நோர்பர்ட் வீனர். அவரைக் குருவாக ஏற்கவோ அவரோடு வாதாடவோ தனக்கு விருப்பமில்லை, புதுப் பெயர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று மெக்கார்த்தியே பிற்பாடு எழுதியிருக்கிறார். உலகத்தையே ஆட்டிவைக்கிற பெயர் பிறந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரிடமிருந்து தப்பிக்கிற அவசரமும் இருந்திருக்கிறது.

அந்த விண்ணப்பத்தில் உள்ள வரி ஏறக்குறைய இப்படி: கற்றலின் ஒவ்வொரு அம்சத்தையும், அறிவின் வேறெந்தப் பண்பையும், ஓர் இயந்திரம் போலச்செய்யும் அளவுக்குத் துல்லியமாக விவரித்துவிட முடியும், கொள்கையளவிலாவது முடியும் என்ற ஊகத்தின் மேல் நாங்கள் வேலை செய்யப்போகிறோம்.

ஊகம் என்பது அவர்களே போட்ட சொல். தாவரவியல் படிக்கிறவனுக்குச் செடி முன்னாலேயே முளைத்து நிற்கிறது. இங்கே ஆராய வேண்டிய பொருளே இன்னும் வரவில்லை, வரும் என்று ஒரு ஊகம்தான் இருக்கிறது. கவனமாகப் பொறுக்கிய பத்துப் பேர் ஒரு கோடை முழுக்கச் சேர்ந்து உழைத்தால் இதில் ஒன்றிரண்டு பிரச்சினைகளிலாவது பெரிய முன்னேற்றம் காணலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கோடை இன்னும் முடியவில்லை.

இந்த வரியில் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது 'இயந்திரம்' என்ற சொல்லை அல்ல, 'விவரித்தல்' என்ற சொல்லை. ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பதற்கும், அதைச் சொன்னபடி மட்டும் செய்கிற ஒரு மடையனுக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்திருப்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை வேறு எந்தப் படிப்பும் இவ்வளவு கொடூரமாகக் காட்டாது. செருப்பு நாடாவை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கையை அசைக்காமல் எழுதிப் பாருங்கள், தெரியும்.

இப்போது உங்கள் 'பழைய சரக்கு'க்கு வருகிறேன். கொஞ்சம் கோபமாகவே வருகிறேன்.

நீங்கள் பழசு என்று முகம் சுளிக்கும், தர்க்க விதிகளாகப் புரோகிராம் எழுதும் புரோலாக் மொழி பிறந்தது 1972இல். நீங்கள் புதுசு என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் நியூரல் நெட்வொர்க்கின் (மூளை நரம்பணுக்களைப் பார்த்துச் செய்த கணக்கு வலை) முதல் கட்டுரையை வாரன் மெக்கல்லாக்கும் வால்ட்டர் பிட்ஸும் எழுதியது 1943இல். ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகால நியூரல் நெட்வொர்க் 1958இல் நாளிதழ்ச் செய்தியாகவே வந்துவிட்டது. அது நடக்கும், பேசும், எழுதும், தன்னைத்தானே இனப்பெருக்கம் செய்யும், தான் இருப்பதைத் தானே உணரும் என்றெல்லாம் எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள். உங்கள் நண்பன் சொல்லும் 'நிறைய விளம்பரம்' இருக்கிறதே, அதுவும் பழைய சரக்குதான். ஆக, தம்பி, கடைசிப் பாடம்தான் முதல் பாடத்துக்கு அண்ணன். தேதி பார்த்துத்தான் மரியாதை கொடுப்பீர்கள் என்றால் பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் படியுங்கள்.

தேடல் மரத்துக்கும் ஒரு வார்த்தை. அடுத்தடுத்து வரக்கூடிய நகர்த்தல்களைக் கிளைகிளையாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அது. சதுரங்கத்தில் வெள்ளைக்கு முதல் நகர்த்தலுக்கு 20 வழி. கருப்பு பதில் சொன்னதும் 400. மூன்றாவதில் 8,902. நாலாவதில் 1,97,281. ஆளுக்கு இரண்டு முறைதான் காயைத் தொட்டிருக்கிறார்கள், ஆட்டம் இன்னும் சூடுகூடப் பிடிக்கவில்லை. இந்தப் பெருக்கத்தைப் பார்த்து ஒரு முறையாவது மிரண்டு போகாதவர் இந்தத் துறைக்குள் வரவேயில்லை என்பேன். எந்தக் கிளையைப் பார்க்காமலே விடலாம் என்பதுதான் இங்கே முழுக் கேள்வியும். 2016இல் ஆல்ஃபாகோ என்ற புரோகிராம், முன்னணி ஆட்டக்காரர் லீ சிடாலை கோ என்ற பலகை ஆட்டத்தில் 4-1 என்று தோற்கடித்தபோது உள்ளே ஓடியது என்ன? நியூரல் நெட்வொர்க் மட்டுமா? அது பரிந்துரைத்த கிளைகளில் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு தேடல் மரம். உங்கள் பழைய சரக்கு, தம்பி, அப்படியே பெட்டியோடு.

பெட்டி என்றதும் நோட்டு ஞாபகம் வருகிறது.

எனக்கு அப்போது பதினாலு வயது. கணினியைப் படத்தில் பார்த்ததோடு சரி. எங்கள் கணக்கு வாத்தியார் கொடுத்த பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டில் கணக்குப் புதிர்களுக்குப் பேர்போன மார்ட்டின் கார்ட்னர் 1962இல் எழுதிய ஒரு கட்டுரை இருந்தது. தீப்பெட்டிகளை வைத்து, விளையாடக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் செய்வது எப்படி என்று. அதற்கு மூலம் டொனால்ட் மிச்சி என்ற பிரிட்டிஷ்காரர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டூரிங் வேலை பார்த்த அதே பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதச் செய்திகளை உடைத்தவர். 1961இல் அவர் கையில் கணினி இல்லை. அதனால் 304 தீப்பெட்டிகளை ஒட்டி, ஒன்பது கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போடும் விளையாட்டைக் கற்றுக்கொள்ளும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். கார்ட்னர் அதைச் சின்னதாக்கி, தானே கண்டுபிடித்த ஒரு குட்டி ஆட்டத்துக்கு 24 பெட்டி போதும் என்று எழுதியிருந்தார்.

ஆட்டம் சுலபம். மூன்றுக்கு மூன்று கட்டம். இந்தப் பக்கம் மூன்று சிப்பாய், அந்தப் பக்கம் மூன்று. சதுரங்கச் சிப்பாய் மாதிரியே நேராக ஒரு கட்டம் போகலாம், குறுக்கே வெட்டலாம். எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டாலும் ஜெயம், எல்லாக் காயையும் வெட்டினாலும் ஜெயம், எதிராளியை நகர வழியில்லாமல் நிறுத்தினாலும் ஜெயம். நான் முதலில் ஆட வேண்டும், பெட்டி இரண்டாவது. என் நகர்த்தலுக்குப் பிறகு பலகை எப்படி நிற்கிறதோ, அதே படம் மேலே ஒட்டியிருக்கும் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். படத்தில் பெட்டிக்கு உள்ள வழிகள் எல்லாம் கலர் கலர் அம்புக்குறியாகப் போட்டிருக்கும். உள்ளே அதே கலர்களில், கலருக்கு ஒரு பாசிமணி. குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அந்தக் கலர் அம்புதான் பெட்டியின் பதில். பெட்டி தோற்றால், அது கடைசியாக ஆடிய மணியைப் பறிமுதல் செய்துவிட வேண்டும். அந்தத் தப்பை இனி அதனால் செய்யவே முடியாது.

வீட்டில் சேர்ந்த காலித் தீப்பெட்டிகளை ஒரு மாதமாகப் பொறுக்கி வைத்தேன். சட்டைப் பொத்தான்கள் சிப்பாய்கள். மணிக்கு மட்டும் வழியில்லை. என் தங்கையிடம் ஒரு பாசிமணி மாலை இருந்தது, அறுந்தது. அவளுக்கு ஒன்பது வயது. ஒரு ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்தாள்: குலுக்கும் வேலை அவளுடையது. வேறு யாரும் பெட்டியைக் குலுக்கக் கூடாது.

நோட்டில் இருக்கிறது. முதல் 12 ஆட்டத்தில் 'நான்' ஒன்பது. பெட்டி மூடத்தனமாக ஆடும், காயைத் தூக்கி வெட்டுக்குக் கொடுக்கும், நான் சிரிப்பேன். அடுத்த எட்டு ஆட்டத்தில் 'நான்' இரண்டே இரண்டு. சிரிப்பு நின்றுவிட்டது. வெறும் அட்டைப்பெட்டி என்னை ஒரு பொறியில் தள்ளி நகர முடியாமல் நிறுத்தியபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பெட்டிக்குள்ளே யாருமில்லை. மணிக்கு ஒன்றும் தெரியாது. குலுக்குகிற தங்கைக்கு ஆட்டமே சரியாகத் தெரியாது. அப்படியென்றால் என்னை ஜெயித்தது யார்? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு லேசாகச் சிலிர்க்கும்.

மறுநாள்தான் விபரீதம். 21இலிருந்து 27 வரை ஏழு ஆட்டம், அதில் 'நான்' ஐந்து. பெட்டி மறுபடி முட்டாளாகிவிட்டது. கற்றதெல்லாம் மறந்துபோனது. முதலில் நான் புத்திசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சந்தேகம் வந்தது. அம்புக்குறிகளைச் சரிபார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து 24 படத்தையும் புதிதாக வரைந்தேன். ஒன்றும் தப்பில்லை. கடைசியில்தான் பறிமுதல் மணிகளைப் போட்டுவைத்த மூடியை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. பெட்டி தோற்ற ஆட்டத்துக்கு ஒன்று வீதம், 9-ம் 2-ம் 5-ம் சேர்ந்து 16 இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது.

தங்கையைக் கூப்பிட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை. "நான்தான் திரும்பப் போட்டேன். பாவம்ண்ணா. ஒரே ஒரு தடவை தப்பா ஆடினதுக்குப் பிடுங்கிக்குவியா?" எது எந்தப் பெட்டியின் மணி என்று அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. என் நோட்டில் அது இல்லை.

ஜோசஃப் வெய்சன்பாம் 1966இல் எலைசா என்று ஒரு உரையாடும் புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுகிற எளிய தந்திரம்தான் அது. அவர் அதை மாதக்கணக்காக எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச உட்கார்ந்தபோது, கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். வெய்சன்பாம் அதிர்ந்துபோனார். நான் அதிரவில்லை. எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கே நடந்த கதைதானே.

ஆனால் நான் சொல்லவந்தது தங்கையின் இரக்கத்தைப் பற்றி இல்லை. அவள் அடுத்துக் கேட்டதைப் பற்றி. நான் கத்திக்கொண்டிருந்தேன், அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "எப்பவும் கடைசிப் பெட்டியை மட்டும் ஏன் திட்டறே? மொதல் பெட்டி தப்பா போனதாலதானே கடைசிப் பெட்டி மாட்டிக்கிச்சு?"

"வாயை மூடு, அதுதான் ரூல்" என்றேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு நூலகத்தில் மின்ஸ்கியின் 1961 கட்டுரையைப் படித்தேன். இந்தத் துறை எந்தெந்தப் படிகளில் ஏற வேண்டும் என்று அவர் வகுத்துக் காட்டிய கட்டுரை. அதில் ஒரு சிக்கலுக்குப் பெயர் வைத்திருந்தார்: கிரெடிட் அசைன்மென்ட். நீளமான ஒரு ஆட்டம் முடிந்து ஜெயமோ தோல்வியோ ஒரே ஒரு செய்தியாகக் கையில் வருகிறது. நடுவில் எடுத்த நூறு முடிவுகளில் எதற்குப் பாராட்டு, எதற்குப் பழி? படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒன்பது வயதுக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது அப்படியே இருந்தது. அதற்கு நான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சியின் 304 பெட்டி இயந்திரம் கடைசிப் பெட்டியை மட்டும் தண்டிக்கவில்லை. தோற்றால் அந்த ஆட்டத்தில் வழிநெடுகத் திறந்த ஒவ்வொரு பெட்டியும் ஒரு மணியை இழக்கும். ஜெயித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி கூடும். அதோடு ஆரம்பப் பெட்டிகளில் ஒவ்வொரு கலரிலும் நிறைய மணி, போகப்போகக் குறைவு. முதல் நகர்த்தலைச் சட்டென்று குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது என்ற நிதானம் அது. என் தங்கை கேட்டதற்கு ஒரு பதில். ஆர்தர் சாமுவேல் 1959இல் கட்டுரையாக வெளியிட்ட, செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடும் புரோகிராம் இன்னொரு பதில்: முடிவுக்காகக் காத்திருக்காதே, இப்போது நீ போடும் மதிப்பீட்டையும் சில நகர்த்தல் கழித்துப் போடப்போகும் மதிப்பீட்டையும் ஒப்பிட்டு உன்னைத் திருத்திக்கொள். இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் வளர்த்ததுதான், பரிசும் தண்டனையும் வைத்துக் கற்பிக்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங். அவர்களுக்கு கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது, 2024ஆம் ஆண்டுக்கானது.

இன்னும் முடியவில்லை. 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய பேக்புரொபகேஷன் கட்டுரை எதைப் பற்றி? அடுக்கடுக்காக இருக்கும் நியூரல் நெட்வொர்க்கில் கடைசி அடுக்கில் ஒரு தப்பு தெரிகிறது. உள்ளே புதைந்திருக்கும் எந்த இணைப்புக்கு எவ்வளவு பழி? அதே கேள்வி, காலத்தில் பின்னால் போவதற்குப் பதிலாக அடுக்கில் பின்னால் போகிறது. நீங்கள் கொண்டாடும் சாட்ஜிபிடிக்கே வாருங்கள். அதைப் பழக்கும்போது ஒரு கட்டத்தில் மனிதர்கள் இரண்டு பதில்களைப் பார்த்து, இது தேவலை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பதிலில் முந்நூறு சொல் இருக்கும், தீர்ப்பு ஒன்றுதான். எந்தச் சொல்லுக்கு மணி கூட்டுவது, எதிலிருந்து பிடுங்குவது? அட்டை போய் சிலிக்கான் வந்திருக்கிறது. கேள்வி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சமும் நரைக்காமல்.

நீங்கள் 'ஒரு படிப்பாக ஏஐ என்ன' என்று கேட்டீர்கள் அல்லவா? இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாட்ஜிபிடி ஒரு சாதனம். நாளைக்கு வேறு சாதனம் வரும், இதன் பெயர் மறந்துபோகும். சாதனம் மாறும்போது கூடவே செத்துப்போகாமல் அடுத்ததில் ஏறிக்கொள்ளும் கேள்விகள் சில இருக்கின்றன. எதைப் பார்க்காமல் விடுவது? யாருக்குப் பழி? தெரிந்ததை எந்த வடிவத்தில் எழுதிவைப்பது? பாதி தெரிந்தால் எவ்வளவு நம்பலாம்? பார்க்காத ஒன்றைப் பார்த்ததிலிருந்து எப்படி ஊகிப்பது? இவற்றுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் படிப்பு இது. இவற்றைத் தாண்டிவிட்டு நேராகக் கடைசிப் பாடத்துக்குப் போகிறவருக்கு ஒரு மிக்ஸியை இயக்கத் தெரிந்திருக்கும், அவ்வளவே.

உங்கள் நண்பன் சொன்னதில் பாதி சரி. புள்ளியியலிலிருந்து, தர்க்கத்திலிருந்து, உளவியலிலிருந்து, மொழியியலிலிருந்து எல்லாம் கடன் வாங்கித்தான் இந்த வீடு நடக்கிறது. இன்னொரு அவஸ்தையும் உண்டு. ஒரு கணக்குத் தீர்ந்ததும் அது வீட்டை விட்டுப் போய்விடும். அச்செழுத்தை அடையாளம் காண்பது ஒரு காலத்தில் ஏஐ, இன்று ஸ்கேனரோடு வரும் இலவச வசதி. 1997இல் டீப் புளூ என்ற கணினி, சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது, மறுநாளே "அது வெறும் கணக்குப் போடும் வேகம்தானே" என்றார்கள். தீர்ந்ததெல்லாம் வெளியேறிவிட, தீராதது மட்டும் தங்கும் வீட்டைப் பார்த்து 'இங்கே ஒன்றுமே இல்லையே' என்கிறான் உங்கள் நண்பன்.

வீடு இரண்டு முறை ஜப்திக்கும் போயிருக்கிறது. 1973இல், இந்தத் துறை சொன்னதைச் செய்யவில்லை என்ற லைட்ஹில் அறிக்கை வந்து பிரிட்டனில் பணம் வற்றியது. எண்பதுகளில், நிபுணரின் அறிவை விதிகளாக எழுதிவைக்கும் எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று ஊரே கூத்தாடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அடங்கிப்போனது. ஸ்டான்ஃபோர்டில் மைசின் என்று ஒன்று செய்தார்கள். நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு ரத்தத் தொற்றுக்கு மருந்து சொல்லும். பரிசோதித்தபோது நிபுணர்களுக்குச் சமமாக நின்றது. ஆனாலும் நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையில் அதைப் பயன்படுத்தவேயில்லை. ஏன் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவர் அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னால் அந்த வகுப்பில் தைரியமாக உட்காருங்கள். 'அது சிலபஸில் இல்லை' என்றால், சரி, நூலகம் இருக்கிறது.

பாடத்தை எடுக்கலாமா என்றுதானே கேட்டீர்கள்? இல்லை, அதை நீங்கள் கேட்கவே இல்லை என்று இப்போதுதான் கடிதத்தைத் திரும்பப் பார்த்ததில் தெரிகிறது. எடுப்பதாக முடிவு செய்துவிட்டுத்தான் புலம்பியிருக்கிறீர்கள். நல்லது. பருவம் தொடங்குவதற்குள் 24 தீப்பெட்டி சேருங்கள். படங்களை நீங்களே யோசித்து வரையுங்கள், எங்கிருந்தும் இறக்கிக்கொள்ள வேண்டாம். ஒரே நிலையைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அதைத் தனியாக எண்ணாதீர்கள், இல்லையென்றால் பெட்டி போதாது. ஆட்டக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். எடுத்த மணிகளை எண்ணி வையுங்கள். ஐம்பதாவது ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு மூன்று வாரம் ஆகாது.

நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் கணினிப் பக்கமே போகவில்லை. பேரன் எடுத்திருக்கிறாள். 'மொதல் பெட்டி' விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி என்றும், அன்றைக்கு வாயை மூடு என்று சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்பதாகவும் கூடவே எழுதினேன். சாயந்தரம் பதில் வந்தது.

"அந்தப் பாசிமணியெல்லாம் எங்க?"

அன்புடன்.